லாங்வுட் சோலையில் வாத்தே இல்லையே, அது எப்படி ஈரநிலம்?

வாசகர் கேள்வி, 2024 பிப்ரவரி 4

கோத்தகிரிக்கு அருகிலுள்ள லாங்வுட் சோலை ராம்சார் தளமாக, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட செய்தியைப் படித்துவிட்டு, கோயம்புத்தூரிலிருந்து குடும்பத்தோடு வந்து பார்த்தேன். அங்கே ஏரியும் இல்லை, குளமும் இல்லை; வாத்து, நாரை, கூழைக்கடா எதுவும் கண்ணில் படவில்லை. அடர்ந்த காட்டுக்கு ஈரநிலம் என்று பெயர் சூட்டிவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. நீர்ப்பறவைகளைப் பார்க்க வேண்டுமானால் எந்த மாதத்தில் வர வேண்டும், ஐயா?

2024 பிப்ரவரி 6

எந்த மாதத்தில் வந்தாலும் லாங்வுட் சோலையில் கூழைக்கடாவைப் பார்க்க முடியாது. ஆனால் அது ஈரநிலம்தான்.

1971இல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை ஈரநிலத்தை மிக விரிவாக வரையறுக்கிறது. சதுப்பு, சேற்றுநிலம், கரிப்படிவ நிலம், இயற்கையானதோ மனிதர் உண்டாக்கியதோ, நிலையானதோ சில காலம் மட்டும் இருப்பதோ, தேங்கி நிற்பதோ ஓடுவதோ, நன்னீரோ உப்புநீரோ எல்லாம் அதற்குள் அடங்கும். கடல் ஓதம் இறங்கியிருக்கும்போது 6 மீட்டர் ஆழத்துக்கு மேற்படாத கடற்பகுதியும் அடங்கும். மரங்கள் மூடிய ஈரநிலத்துக்கும் அதில் இடம் உண்டு. ஒரு தளத்தைத் தேர்ந்தெடுக்க ஒன்பது அளவுகோல்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு மட்டுமே நீர்ப்பறவைகளின் எண்ணிக்கையைக் கேட்கின்றன: ஒன்று 20,000 நீர்ப்பறவைகளுக்கு மேல் வழக்கமாகத் தங்குவது, மற்றொன்று ஒரு பறவையினத்தின் மொத்தத் தொகையில் 1 விழுக்காடாவது அங்கே இருப்பது. மற்றவை வாழிடத்தின் அருமையையும், அழியும் நிலையிலுள்ள உயிர்களையும், மீன்களையும் பற்றியவை.

அறிவிப்பு வந்த அதே நாளில், 2024 ஜனவரி 31 அன்று, அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டியும் பட்டியலில் சேர்ந்தது. மேட்டூர் நீர் வாய்க்கால் வழியே வந்து நிரம்பும் அந்த ஏரியில் நீங்கள் தேடிய வாத்துகளைக் காணலாம். இமயத்துக்கு அப்பாலிருந்து வரும் பட்டைத்தலை வாத்துகள்கூட அங்கே இறங்குகின்றன. லாங்வுட் சோலையோ 116 ஹெக்டேர் பரப்புள்ள சிறிய காடு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய 26 பறவையினங்களில் 14 இங்கே இருப்பதாக அறிவிப்பு சொல்கிறது. நீலகிரி சிரிப்பான், நீலகிரி சோலைச்சிட்டு, நீலகிரி காட்டுப்புறா ஆகிய மூன்றும் அதில் பெயர் குறிப்பிடப்பட்டவை. முதல் இரண்டும் உலக அளவில் அழியும் ஆபத்தில் இருப்பவை.

2024 பிப்ரவரி 7

நேற்று எழுதியதில் சட்டம் மிகுந்துவிட்டது. தண்ணீர் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை.

சோலைக்குள் போனால் பாதையை விட்டு விலகாமல், குனிந்து தரையைப் பாருங்கள். பல்லாண்டுகளாக உதிர்ந்து மக்கிய இலைப்படுகை உள்ளங்கையால் அழுத்தினால் நீர் கசியும் அளவுக்கு ஊறியிருக்கும். மழை நின்று பல வாரங்கள் கழித்தும் ஓடைகள் ஒழுகிக்கொண்டிருப்பதற்கு அதுவே காரணம். கீழேயுள்ள ஊர்கள் குடிப்பது அந்த நீரைத்தான். ஏரியில் தண்ணீர் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. சோலையில் அது மண்ணுக்குள் நிற்கிறது. பறவை பார்ப்பவரின் பார்வையும் அதற்கேற்ப நீர்ப்பரப்பிலிருந்து தரைக்கு இறங்க வேண்டும்.

2024 பிப்ரவரி 25

பனிக்காலம் முடியும் நேரம் இது. உதகைப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் புல் வெளுக்கும் அளவுக்கு உறைபனி விழும் நாள்களிலும், சோலைக்குள் மரக்கூரையின் கீழே மண் உறைவதில்லை. இந்தச் சிறிய வேறுபாட்டை நம்பியே ஒரு விருந்தாளி இமயமலையிலிருந்து வருகிறது. அதுதான் காட்டு உள்ளான்.

வயலில் நாம் காணும் உள்ளானின் பெரிய உறவு என்று சொல்லலாம். வயல் உள்ளானுக்குத் தலையின் கோடுகள் நீளவாக்கில் ஓடும். இதற்குக் குறுக்காகப் பட்டைகள் இருக்கும். பருத்த உடல், உதிர்ந்த இலையிலிருந்து பிரித்தறிய முடியாத நிறம். கண்கள் தலையின் பின்புறமாகத் தள்ளி அமைந்திருப்பதால், மண்ணுக்குள் அலகை நுழைத்துப் புழுவைத் தேடும்போதும் பின்னால் வருபவரைப் பார்த்துவிடும். அலகின் நுனியை மட்டும் தனியே திறக்க அதனால் முடியும். இறுகிய மண்ணில் அந்த அலகுக்கு வேலை இல்லை. ஆகவே காட்டு உள்ளான் தங்கியிருக்கும் தரை ஈரமான தரை என்று துணிந்து சொல்லலாம். ஏரிக்கு வாத்து எப்படியோ, சோலைக்கு இது அப்படி.

பகலில் அதைத் தேடுவது வீண். அந்தி சாய்ந்ததும் சோலையிலிருந்து வெளியே ஈரப்புல்வெளிக்கு இரை தேடப் பறந்து போகும். தேயிலைத் தோட்டத்துக்கும் சோலைக்கும் இடையிலான ஓரத்தில் நின்று, இருட்டுவதற்கு முந்தைய சில நிமிடங்கள் வானத்தைப் பார்த்திருந்தால், கனத்த உடலும் கீழே சாய்ந்த அலகுமாக ஓர் உருவம் கடந்து போவதைக் காணலாம். அதற்கு மேல் அங்கே நிற்க வேண்டாம். காட்டெருமையும் கரடியும் நடமாடும் நேரம் அது. கோத்தகிரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, வெளியூரிலிருந்து வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

2024 மார்ச் 31

சோலைச்சிட்டு பாடத் தொடங்கிவிட்டது.

மார்ச் மாதம் இங்கே வெயில் மாதம், ஓடை மெலிந்துவிடும். ஆனால் அடர்ந்த அடிப்புதரில், ஓடைக்கரையை ஒட்டி, மெல்லிய உயர்ந்த சீழ்க்கை ஒன்று விடியலில் கேட்கும். நிழலில் கருப்பாகவே தெரியும் பறவை, ஒரு கீற்று வெளிச்சம் பட்டதும் கருநீலமாக மாறும். விலாவில் செம்பழுப்பு தெரியும். தாழ்ந்த கிளையிலிருந்து தரைக்கு இறங்கிப் பூச்சியைக் கவ்விக்கொண்டு மறுபடியும் புதருக்குள் போய்விடும். ஏப்ரல் முதல் ஜூன் வரை மரப்பொந்திலோ கரைமண்ணின் குழியிலோ கூடு கட்டும்.

இந்தப் பறவை நீலகிரியைச் சுற்றிய உயர்மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. நீண்ட தூரம் பறந்து வேறு காட்டைத் தேடும் பழக்கமும் அதற்கு இல்லை. தேயிலைக்கு நடுவே தனித்து நிற்கும் ஒரு சோலையின் அடிப்புதர் போனால், அங்கிருந்த சோலைச்சிட்டும் போய்விட்டது என்றே பொருள். விறகுக்காகவும் பாதைக்காகவும் அடிப்புதரை வெட்டித் துப்புரவாக்குவதைச் சிலர் நல்ல வேலையாக நினைக்கிறார்கள். மரங்கள் அத்தனையும் அப்படியே நின்றாலும், அடிப்புதர் போன சோலை இந்தப் பறவைக்கு வெறும் நிலமே.

அதே மரங்களின் உச்சியில், குளிர்காலம் முழுவதும் இரண்டு அசையில் கூவிக்கொண்டிருந்த பச்சைக் கதிர்க்குருவிகள் இப்போது ஓயாமல் பூச்சி பிடிக்கின்றன. வடக்கே போவதற்கான கொழுப்பைச் சேர்க்கும் காலம்.

2024 ஏப்ரல் 21

ஓடைப்பாறையில் சாம்பல் வாலாட்டி இல்லை. சென்ற வாரம் இருந்தது. கதிர்க்குருவிகளின் ஒலியும் மிகக் குறைந்துவிட்டது.

2024 ஜூன் 9

"ஜூன், ஜூலையில் நீலகிரிக்கு வந்தால் மழையில் எதையும் பார்க்க முடியாதே" என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். இந்த மலையில் மழை எல்லா இடத்திலும் ஒரே காலத்தில் பெய்வதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றை அவலாஞ்சி, மேல்பவானி, கூடலூர்ப் பக்கம் நேராக வாங்கிக்கொள்கிறது. கோத்தகிரி 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே, அதன் மறைவில் இருக்கிறது. ஆகையால் இங்கே ஜூனில் பெரும்பாலும் காற்றும் மூடுபனியும் தூறலும்தான். பெருமழை அக்டோபரிலும் நவம்பரிலும் வடகிழக்குப் பருவத்தோடு வரும்.

மூடுபனியைக் குறைவாக மதிப்பிட வேண்டாம். இலைகளில் படிந்து சொட்டும் நீரும் சோலைத் தரையை நனைக்கிறது. பறவைகளும் அடங்குவதில்லை. கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் இந்த மாதங்களில் கூடு வைத்திருக்கும். காய்ந்த கோரையிலைகளையும் பெரணியையும் பந்தாகச் சுருட்டி, பக்கத்தில் வாசல் வைத்து, இடுப்பளவு உயரத்துக்கும் கீழே கட்டும். ஆணின் நெருப்பு நிறம் மூடுபனியில் மிக நன்றாகத் தெரியும். அதைப் பார்த்தவுடன் நெருங்கிப் போகத் தோன்றும், போகாதீர்கள். கூடு தாழ்வாக இருப்பதால், நாம் புல்லை மிதித்து உண்டாக்கும் தடம் கீரிக்கும் பாம்புக்கும் வழியாகிவிடும்.

அட்டைகளுக்கு உப்புத்துணி போதும். நீண்ட காலுறையைக் காற்சட்டைக்கு மேலே இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

2024 ஜூலை 14

அவலாஞ்சிப் பக்கம் போய்வந்த நண்பர் ஒருவர், அங்கே புல்வெளியில் கண்ட கோடு போட்ட சிறு பறவை எது என்று கேட்டார். அவர் சொன்ன அடையாளங்களின்படி அது நீலகிரி நெட்டைக்காலி. லாங்வுட்டிலிருந்து சற்று விலகினாலும், ஈரநிலம் என்ற பேச்சில் இதற்கு இடம் கொடுக்காமல் இருக்க முடியாது.

மேற்கு நீலகிரியில் சோலைகளுக்கு இடையே விரியும் புல்வெளிகளின் பள்ளங்களில், கால் வைத்தால் அமிழும் சதுப்புகள் இருக்கின்றன. அவற்றின் அடியில் மக்கியும் மக்காமலும் கிடக்கும் தாவரப் படிவம் மிகப் பழையது. அந்தக் கரிப்படிவத்தின் கார்பனை ஆராய்ந்து, கடந்த 20,000 ஆண்டுகளில் இந்த மலையின் தட்பவெப்பம் மாறிய விதத்தை அறிவியலாளர்கள் கணித்த ஆய்வு 1993இல் வெளியானது. மழை மிகுந்த காலம் எது, வறண்டு புல் ஓங்கிய காலம் எது என்பதெல்லாம் அந்தச் சேற்றில் அடுக்கடுக்காகப் பதிந்திருக்கிறது. தோடர்கள் தங்கள் கோயிலின் கூரையை வேய்வதும் சதுப்பில் வளரும் புல்லைக் கொண்டே. 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது நினைவிருக்கும். அப்படிப்பட்ட மழையின் ஒரு பங்கையாவது பிடித்து வைக்கும் ஆற்றல் இந்தச் சதுப்புக்கும் புல்லுக்கும் உண்டு.

நெட்டைக்காலி அந்தச் சதுப்பின் ஓரத்திலேயே இரை தேடி, அங்கேயே புல்லடியில் கூடு வைக்கும். புல்வெளி என்றால் வெற்றுநிலம் என்று நினைத்து ஒரு காலத்தில் வெளிநாட்டு மரங்களான சீகையும் (வாட்டில்) கற்பூரமரமும் பைனும் நட்டுக்கொண்டே போனார்கள். சீகை தானாகவே பரவிப் பள்ளத்துக்குள் இறங்கும்; அது இறங்கிய இடத்தில் சதுப்பு வற்றுகிறது, நெட்டைக்காலி நிற்பதில்லை. இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் என் வாழ்நாளிலேயே புல்லாக இருந்து சீகையாக மாறிய சரிவுகளை எனக்குத் தெரியும்.

2024 ஜூலை 15

நேற்றைய குறிப்பைப் படித்து, நெட்டைக்காலியை லாங்வுட்டில் தேட யாரும் கிளம்ப வேண்டாம். அது 2,000 மீட்டருக்கு மேற்பட்ட திறந்த புல்வெளிக்கு உரியது. மூடிய சோலைக்குள் வராது. அதேபோல் சோலைச்சிட்டு புல்வெளிக்கு வராது. சோலை, புல்வெளி, சதுப்பு மூன்றும் ஒரே நீரின் பாதையில் இருந்தாலும், ஒவ்வொன்றும் தன் பறவையைத் தனியே வைத்திருக்கிறது. ஒன்றை அழித்து மற்றொன்றை வளர்ப்பதைக் காடு வளர்ப்பு என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு?

2024 செப்டம்பர் 8

சாம்பல் வாலாட்டி வந்துவிட்டது. ஓடைப்பாறையில் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு, மஞ்சள் வயிறோடு நிற்கிறது. குளிர்கால விருந்தாளிகளில் முதலில் வருவது பெரும்பாலும் இதுவே. கீழே குன்னூர்ச் சரிவின் காப்பித் தோட்டங்களில் இன்னும் சில வாரங்களில் கொடிக்கால் வாலாட்டியைத் தேடலாம். அது வாலைப் பக்கவாட்டில் ஆட்டும், குழப்பமே வராது.

2024 அக்டோபர் 20

மழை தொடங்கிவிட்டது. இந்த மாதத்தில் எங்கள் ஊரில் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ பள்ளிக்கூட நடையிலோ ஒன்பது நிறமுள்ள பறவை ஒன்று சோர்ந்து கிடக்கிறது என்று சொல்லி வருவார்கள். அது ஆறுமணிக்குருவி. வடக்கே இமய அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, இரவில் பறந்து தெற்கே வரும் வழியில் களைத்து இறங்குகிறது; விளக்கொளியும் கண்ணாடிச் சன்னலும் அதைத் தடுமாறச் செய்கின்றன. காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டான அமைதியான இடத்தில் சில மணி நேரம் வைத்து, தெளிந்ததும் மரநிழலில் விட்டுவிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. குழந்தைகளைத் தொட விடாதீர்கள், பார்க்க விடுங்கள். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அதுவும் இலைப்படுகையைக் கிளறி உண்ணும் பறவைதான். வந்திறங்கிய மறுநாள் முதல் அதற்கு ஈரமான நிழல்தரை தேவைப்படுகிறது. மழையில் ஊறிய சோலை அதற்கு அந்த நேரத்தில் கிடைக்கிறது.

2024 நவம்பர் 17

கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டுச் சோலைச்சிட்டை வெளியே வரவழைத்ததாக இளைஞர் ஒருவர் மகிழ்ச்சியோடு எழுதியிருந்தார். தம்பி, இதை இனிச் செய்யாதீர்கள். தன் எல்லைக்குள் வேறோர் ஆண் நுழைந்துவிட்டதாக நினைத்தே அது வருகிறது. இரை தேடும் நேரத்தையும் கூட்டைக் காக்கும் நேரத்தையும் இல்லாத எதிரிக்காகச் செலவழிக்கிறது. 116 ஹெக்டேர் சோலையில் பாதையோரம் வாழும் சில இணைகளே வருகிறவர்கள் எல்லோருடைய கைப்பேசிக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஓடைக்கருகில் அசையாமல் உட்கார்ந்திருங்கள். சோலைச்சிட்டு மனிதரைக் கண்டு மிரண்டு ஓடும் பறவை அன்று, அசைவைக் கண்டு மறையும் பறவை. உட்கார்ந்திருப்பவரின் கால்மாட்டிலேயே வந்து மேய்வதும் உண்டு.

2025 ஜனவரி 12

பொங்கலை ஒட்டித் தமிழ்நாடெங்கும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்காகப் பலர் மலைக்கு வருவார்கள். வாத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பவர்கள் உதகைக்கு அருகிலுள்ள காமராஜ் சாகர் அணையின் ஓரத்தில் காலையில் நில்லுங்கள். புள்ளிமூக்கு வாத்து, முக்குளிப்பான், நீர்க்காகம் ஆகியவற்றுக்கு அங்கே வாய்ப்பு உண்டு. சோலைக்கு வருபவர்கள் வனத்துறையின் அனுமதியை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள். மரவிளிம்புகளில் சிறு ஈப்பிடிப்பான்களைக் கூர்ந்து பாருங்கள். கழுத்தின் சிவப்பைச் சுற்றிக் கருங்கோடு தெரிந்தால் அது காஷ்மீரிலிருந்து வந்த ஈப்பிடிப்பான். இலங்கையின் மலைகளும் நம் மலைகளுமே அதன் குளிர்கால வீடு.

ஒரே ஒருமுறைதான் வர முடியும் என்றால் ஏப்ரல் முதல் வாரத்தைச் சொல்வேன். வந்த விருந்தாளிகள் முழுவதும் கிளம்பியிருக்காது, இங்கேயே வாழ்பவை பாடிக்கொண்டிருக்கும். ஆனால் காட்டு உள்ளானுக்கு அது பிந்திய காலம். விக்கி மரமும் நாவலும் பழுக்கும்போது காட்டுப்புறாக்கள் கூடும். அது ஆண்டுக்கு ஆண்டு மாறும், நாள் குறித்துச் சொல்ல இயலாது.

2025 பிப்ரவரி 9

கொடைக்கானலிலிருந்து ஒருவர், பேரிஜம் ஏரிக்கும் நான் எழுதியவை பொருந்துமா என்று கேட்கிறார். பேரிஜத்தில் ஏரி இருக்கிறது, ஆகவே எல்லோரும் ஏரியையே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் அந்த நீரையும் சுற்றியுள்ள சோலைதான் காத்துத் தருகிறது. கரையோரச் சோலையின் அடிப்புதரில் நீங்கள் தேட வேண்டிய பறவை வேறு. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே வாழும் சோலைச்சிட்டுக்கு விலா செம்பழுப்பு. தெற்கே, பழனி மலையிலும் ஆனைமலையிலும் இருப்பதற்கு விலாவும் கருநீலச் சாம்பல், வயிறு வெண்மை. சிரிப்பானும் அப்படியே கணவாயின் இரு பக்கமும் வெவ்வேறு இனங்களாகப் பிரிந்திருக்கிறது. பறந்து கடக்க முடியாத அளவுக்கு அந்தக் கணவாய் அகலமானதா என்று கேட்பீர்கள். சிறகுக்கு அது அகலமன்று, குளிர்ந்த ஈர நிழலை விட்டு வெளியே வராத பறவைக்கு அதன் வெப்பமான தாழ்நிலம் கடக்க முடியாதது.

நீங்கள் பார்த்தவற்றின் பட்டியலில் பறவையின் பெயரோடு இடத்தையும் எழுதுங்கள்: ஓடையிலிருந்து எவ்வளவு தொலைவு, அடிப்புதர் இருந்ததா, வெட்டப்பட்டிருந்ததா, தரை ஈரமா, சீகை உள்ளே வந்திருக்கிறதா. பேரிஜத்திலும் லாங்வுட்டிலும் ஒரே முறையில் இதைக் குறித்துவந்தால், எந்தச் சோலை எந்தப் பக்கத்திலிருந்து காய்கிறது என்பதைச் சோலைச்சிட்டு அங்கிருந்து மறைவதற்கு முன்பே நம்மால் சொல்ல முடியும்.